நாகர்கோவில் குடும்ப கோர்ட்டுக்கு முதல் தடவை போறவங்களுக்கு: டைவர்ஸ் கேஸு எங்க தொடங்குது, எப்படி நடக்குது

என் தங்கச்சி கேஸுக்காக நாலு வருஷம் கருங்கல்ல இருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸு ஏறி இறங்கினவ நான். வக்கீல் இல்ல, சட்டம் படிச்சவளும் இல்ல, ஆனா அந்த வராண்டாவுல நின்னு நின்னு எந்த பேப்பர் எங்க போகணும், எதை யாருகிட்ட கேக்கணும்னு ஓரளவுக்கு புரிஞ்சுகிட்டேன், இப்ப எங்க ஊர்ல ஏதாவது வீட்டுல இப்படி ஒரு பிரச்சனைன்னா அந்தப் பிள்ளையோட அம்மை முதல்ல என்கிட்டதான் வந்து உக்காருறாங்க. அவங்களுக்கு சொல்லுறதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒரு நோட்டு வாங்குங்க. வக்கீல் பாக்குறதுக்கும் முந்தி இதை செய்யுங்க, சும்மா சொல்லல. எங்களுக்கு முதல்ல இருந்த வக்கீலு "நீங்க வர வேண்டாம், தேவைப்பட்டா நான் கூப்புடுதேன்"னு சொன்னாரு, நாங்களும் நம்பி வீட்டுல இருந்தோம், அஞ்சாறு மாசம் கழிச்சு போய் விசாரிச்சா ரெண்டு வாய்தாவுக்கு யாரும் ஆஜராகலன்னு கேஸை தள்ளுபடி பண்ணி விட்டுருக்காங்க. திருப்பி அந்த கேஸை உயிர்ப்பிக்கறதுக்கு தனியா ஒரு மனு போடணும், அதை 30 நாளைக்குள்ள போடணும், நாங்க போனப்ப அந்த நாளும் தாண்டியாச்சு, அதனால ஏன் லேட்டாச்சுன்னு இன்னொரு மனு. என் தங்கச்சி அன்னைக்கு கோர்ட்டு படியில உக்காந்து அழுதது இன்னும் எனக்கு கண்ணுல நிக்குது. அதுக்கப்புறம்தான் ஒரு எண்பது பக்க நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்துல கேஸ் நம்பர், வருஷம், எந்த கோர்ட்டு, எதிர் வக்கீல் பேரு. அடுத்த பக்கத்துல இருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு வரி: தேதி, அன்னைக்கு என்ன நடந்துச்சு, அடுத்த தேதி எதுக்காக போட்டுருக்கு. அந்த "எதுக்காக"ங்கறது ரொம்ப முக்கியம், கவுண்டருக்கா (பதில் மனு), கவுன்சிலிங்குக்கா, சாட்சிக்கான்னு தெரிஞ்சாத்தான் அன்னைக்கு நீங்க நேர்ல இருக்கணுமா வேண்டாமான்னு தெரியும்.

கேஸ் நம்பர் ஆனதும் சிஎன்ஆர்னு 16 எழுத்துல ஒரு நம்பர் வரும், அதை வக்கீல் குமாஸ்தாகிட்ட கேட்டு வாங்கி இ-கோர்ட்ஸ் ஆப்புல போட்டா அடுத்த தேதி உங்க போன்லயே தெரியும். யாரையும் கெஞ்ச வேண்டாம்.

எந்த சட்டத்துல உங்க கல்யாணம்

நம்ம குமரி மாவட்டத்துல இதுலதான் நிறைய பேரு குழம்புறாங்க, ஏன்னா இங்க ஒரே தெருவுல இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் இருக்கோம், பக்கத்து வீட்டு அக்கா கேஸுல நடந்ததை கேட்டுட்டு நம்ம கேஸும் அப்படித்தான் போகும்னு நினைச்சுக்கிடுதோம். அப்படி இல்ல. இந்து முறைப்படி கல்யாணம்னா 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டம், கேஸ் நம்பர் எச்எம்ஓபின்னு வரும். கிறிஸ்தவங்களுக்கு 1869ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டம், அதுக்கு ஐடிஓபி. ஜாதி மதம் மாறி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல கட்டியிருந்தா 1954 சட்டம். முஸ்லிம் பெண்கள் கோர்ட்டுல விவாகரத்து கேக்கறதுக்கு 1939ஆம் வருஷத்து சட்டம் ஒண்ணு இருக்கு.

கிறிஸ்தவங்க சட்டத்துல 2001ல பெரிய திருத்தம் வந்துச்சு. அதுக்கு முந்தி ஒரு கிறிஸ்தவப் பொண்ணு புருஷன் அடிக்கான், கொடுமைப்படுத்துறான்னு மட்டும் சொல்லி டைவர்ஸ் வாங்க முடியாது, நடத்தை கெட்டவன்னும் சேர்த்து நிரூபிக்கணும். எங்க பாட்டி காலத்து பொம்பளைங்க எத்தனை பேரு இதனாலயே வாயை மூடிக்கிட்டு கிடந்தாங்களோ. இப்ப கொடுமை ஒண்ணே போதும், ரெண்டு வருஷம் விட்டுட்டுப் போயிருந்தாலும் காரணம்தான், ரெண்டு பேரும் சம்மதிச்சு பிரியறதுக்கும் 10ஏ பிரிவு வந்தாச்சு.

ஒரு வித்தியாசம் கவனிங்க. இந்து சட்டத்துல சம்மதத்தோட பிரிய 13பி பிரிவு, அதுக்கு ஒரு வருஷம் தனித்தனியா இருந்திருக்கணும். கிறிஸ்தவங்களுக்கு 10ஏ, அதுல எழுதியிருக்கறது ரெண்டு வருஷம். கேரளா ஹைகோர்ட் 2010ல இதையும் ஒரு வருஷமா வாசிக்கணும்னு தீர்ப்பு சொல்லிச்சு, அதனாலதான் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் உள்ள சொந்தக்காரங்க "ஒரு வருஷம் போதுமே"ன்னு சொல்லுவாங்க. அவங்க சொல்லுறதும் பொய் இல்ல. ஆனா நீங்க கேஸ் போடப்போறது இந்தப் பக்கம், சட்டப் புத்தகத்துல இன்னும் ரெண்டுதான் இருக்கு, அதனால வக்கீலுகிட்ட இதை நேராவே கேட்டுட்டு ரெண்டு வருஷக் கணக்குலயே திட்டம் போடுங்க, ஏமாற்றம் இருக்காது.

இந்து கல்யாணம்னா இன்னொண்ணு, கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகாம டைவர்ஸ் மனு போட முடியாது. தாங்க முடியாத கஷ்டம்னு காட்டி தனியா அனுமதி கேட்டா மட்டும் உண்டு.

ஸ்டேஷன், சபை, பத்திரம்

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல்னு மகளிர் ஸ்டேஷனுங்க இருக்கு, அடி உதைன்னா கண்டிப்பா அங்க போங்க, புகார் குடுத்ததும் சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கிட்டதுக்கான சீட்டு, கேட்டு வாங்குங்க, அது இல்லாம வெளிய வராதீங்க. ஆனா அங்க ரெண்டு பக்கமும் உக்கார வெச்சு "இனிமே நாங்க பிரிஞ்சு வாழுறோம்"னு எழுதி கையெழுத்து வாங்கினா அது டைவர்ஸ் ஆகாது. இருபது ரூபா பத்திரத்துல எழுதி நோட்டரி சீல் வெச்சாலும் ஆகாது. எங்க பக்கம் அத்து விடுறது, தீத்து விடுறதுன்னு பெரியவங்க காலத்துல ஒரு வழக்கம் இருந்துச்சு, இந்து சட்டத்துல 29ஆம் பிரிவு வழக்கப்படி நடந்த விவாகரத்தை ஏத்துக்கிடுது, ஆனா அந்த வழக்கம் உங்க சமுதாயத்துல காலங்காலமா இருக்குன்னு கோர்ட்டுல நீங்கதான் நிரூபிக்கணும், அது சின்ன வேலை இல்ல. அந்த பேப்பரை நம்பி இன்னொரு கல்யாணம் பண்ணினவங்க மேல முதல் கல்யாணம் இருக்கும்போதே ரெண்டாவது கட்டினதா கேஸு வரும், ரெண்டாவதா வந்த பிள்ளைக்கும் வாழ்க்கை போச்சு.

சபை விஷயமும் சொல்லிடுறேன். கத்தோலிக்கங்களுக்கு மறைமாவட்ட நீதிமன்றத்துல கல்யாணம் செல்லாதுன்னு ஒரு தீர்ப்பு வாங்கலாம், திரும்ப கோயில்ல ஓலை வாசிச்சு கல்யாணம் பண்ணணும்னா அது வேணும். ஆனா அரசாங்கக் கணக்குல அது எடுபடாது, 1996லயும் சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு, 2017 ஜனவரியில திரும்பவும் சொல்லியாச்சு. கோர்ட்டு டிகிரியும், அதாவது கோர்ட்டு குடுக்கற விவாகரத்து ஆணையும், தனியா வேணும். போதகர், பங்குத்தந்தை பேசி சேர்த்து வைக்க முடிஞ்சா ரொம்ப நல்லது, எங்க வீட்டுலயும் முயற்சி பண்ணினாங்க, நன்றியோடதான் சொல்லுறேன், ஆனா அந்தப் பேச்சுலயே ஒண்ணரை வருஷம் போச்சு, அந்த ஒண்ணரை வருஷமும் பிள்ளைக்கு ஒரு ரூபா ஜீவனாம்சம் கிடையாது. பேச்சு பேச்சா நடக்கட்டும், செலவுக்கான மனுவை அது பாட்டுக்கு போட்டு வெச்சுடுங்க.

ஜமாத்துக்கும் இதேதான். முத்தலாக் செல்லாதுன்னு 2017ல சுப்ரீம் கோர்ட் சொல்லி 2019ல அதை குற்றமாக்கி சட்டமே வந்தாச்சு. காஜி குடுக்கற சர்டிபிகேட் வெறும் கருத்துதான், கோர்ட்டை கட்டுப்படுத்தாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட் 2017ல சொல்லியிருக்கு. குலா, அதாவது மனைவியே கேக்கற விவாகரத்து, வேணும்ங்கற பெண்ணும் குடும்ப கோர்ட்டுக்குத்தான் வரணும்னு 2023ல தீர்ப்பு.

எங்க கேஸ் போடுறது

நாகர்கோவில்ல குடும்ப நல கோர்ட் இருக்கு. பத்மநாபபுரம் கோர்ட்டு, அதாவது தக்கலையில இருக்கறது, குழித்துறை கோர்ட்டு, அந்த சப் கோர்ட்டுகள்ல நடக்குற எச்எம்ஓபி கேஸுங்களும் உண்டு. உங்க ஊரு எந்த எல்லையில வருதுன்னு வக்கீலுகிட்ட முதல் நாளே கேளுங்க. கல்யாணம் நடந்த இடம், கடைசியா சேர்ந்து குடியிருந்த இடம், இதுல எது வேணும்னாலும் வெச்சுப் போடலாம், இந்து சட்டத்துல எதிர்தரப்பு இருக்கற இடத்துலயும் போடலாம். இந்து சட்டத்துல மனைவி கேஸ் போட்டா அவ இப்ப இருக்கற ஊர்லயே போடலாம்னு 2003ல திருத்தம் வந்துச்சு, அம்மை வீட்டுக்கு வந்துட்ட பிள்ளைகளுக்கு பெரிய உபகாரம். கிறிஸ்தவ சட்டத்துல அந்த வசதி எழுதப்படல. பொண்ணை வேற மாவட்டத்துல கட்டிக் குடுத்து, கல்யாணமும் அங்க, வாழ்ந்ததும் அங்கன்னா நாகர்கோவில்ல போட்டா எதிர் வக்கீல் எல்லையைக் கிளப்புவாரு, அதை முன்னாடியே யோசிச்சுக்கிடுங்க.

நமக்கு கேரளா எல்லை பத்து இருபது கிலோமீட்டர்தான், கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கோட்டும் இங்கோட்டும் நிறைய. மாப்பிள்ளை திருவனந்தபுரத்துல கேஸ் போட்டுட்டான், பொண்ணு இங்க கைக்குழந்தையோட இருக்கான்னா, அந்த கேஸை இங்க மாத்தணும்னா மதுரை ஹைகோர்ட்டால முடியாது, ஒரு மாநிலத்துல இருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாத்துற அதிகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கு மட்டும்தான். தூரம் பஸ்ஸுல போயிட்டு வர்ற அளவுதான், ஆனா மாத்தணும்னா டெல்லியில மனு. நெல்லையில இருந்தோ மதுரையில இருந்தோ மாத்தணும்னா மதுரை கிளையே போதும். அதனால பிரச்சனை முத்திப்போச்சுன்னு தெரிஞ்சா, எதிர்தரப்பு அங்க போடுறதுக்கு முந்தி நீங்க இங்க போடுறதா வேண்டாமான்னு ஒரு வக்கீலுகிட்ட சீக்கிரமா யோசனை கேளுங்க.

வக்கீலுக்கு காசு இல்லன்னு யாரும் நின்னுடாதீங்க. நாகர்கோவில்ல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, பொண்ணுங்களுக்கு வருமானக் கணக்கே பாக்காம இலவச வக்கீல் குடுப்பாங்க, எஸ்சி எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான். 15100னு போன் பண்ணியும் கேக்கலாம். வீட்டுல அடி தாங்க முடியலன்னா 181.

கையில என்ன வேணும்

கல்யாணப் பத்திரிகை, போட்டோ, சபை ரிஜிஸ்டர்ல இருந்து எடுத்த சர்டிபிகேட், தமிழ்நாட்டுல 2009 சட்டத்துக்கு அப்புறம் நடந்த கல்யாணம்னா ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட், ரெண்டு பேரு ஆதார், பிள்ளைங்க பர்த் சர்டிபிகேட், ஆஸ்பத்திரி சீட்டு, சிஎஸ்ஆர். எல்லாத்துலயும் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டு ஒரிஜினலை உங்க கையிலயே வைங்க, எப்ப தேவையோ அப்ப கோர்ட்டுல குடுத்தா போதும். வாட்சப் மெசேஜ், வாய்ஸ் நோட்டு எதையும் அழிக்காதீங்க, போனையும் மாத்தாதீங்க. வெறும் பிரிண்ட் அவுட்டு போதாது, அது உண்மையான பதிவுதான்னு உறுதி சொல்லுற சர்டிபிகேட் வேணும், முன்னாடி அதை 65பி சர்டிபிகேட்னு சொல்லுவாங்க, 2024 ஜூலைக்கு அப்புறம் புது சாட்சியச் சட்டத்துல அது 63ஆம் பிரிவு, அந்த சர்டிபிகேட்டோட சேத்துதான் தாக்கல் பண்ணணும்.

அதோட நீங்களே ஒரு நாலு பக்கம் எழுதுங்க. கல்யாணத் தேதியில இருந்து என்ன என்ன எப்ப எப்ப நடந்துச்சுன்னு. "அடிப்பாரு, குடிப்பாரு"ன்னு எழுதினா குறுக்கு விசாரணையில நிக்காது. எந்த மாசம், யாரு கூட இருந்தா, எந்த ஆஸ்பத்திரிக்கு போனீங்க, இப்படி எழுதணும். என் தங்கச்சி எழுதினது பூராவும் முதல்ல மாமியாரைப் பத்தின வருத்தமா இருந்துச்சு, புது வக்கீல் அம்மா அதை வாசிச்சுட்டு "மக்களே, மனசுல உள்ளது எல்லாம் சரிதான், எனக்கு தேதி குடு"ன்னு சொல்லி திருப்பி எழுத வெச்சாங்க.

முதல் நாளு, அப்புறம் கவுன்சிலிங்

மனு நம்பர் ஆனதும் எதிர்தரப்புக்கு சம்மன் போகும். சம்மன் உங்க வீட்டுக்கு வந்தாலும் சரி, தயவுசெஞ்சு வாங்குங்க. தபால்காரரு கிட்ட வாங்க மாட்டேன்னு சொன்னா "மறுத்துட்டாரு"ன்னு எழுதி திருப்பி அனுப்புவாரு, கோர்ட்டு அதை நீங்க வாங்கினதாவே எடுத்துக்கிடும், நீங்க வராட்டி உங்களைக் கேக்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆயிடும். சேர்ந்து வாழணும்னு போட்ட மனுவா இருந்தாலும் இதே விதிதான். அந்த மனுவைப் பாத்து பயப்படவும் வேண்டாம், எந்த கோர்ட்டும் யாரையும் பிடிச்சு இழுத்துட்டுப் போய் வீட்டுல விடாது, ஆனா பதில் போடாம விட்டா பின்னாடி டைவர்ஸுக்கு அதையே காரணமா காட்டலாம்.

அன்னைக்கு காலையில பத்தரைக்கு கோர்ட்டு உக்காரும், நீங்க பத்து மணிக்கே இருக்கணும். வராண்டாவுல ஒட்டியிருக்கற லிஸ்ட்ல உங்க நம்பர் எத்தனையாவதுன்னு பாத்துக்கிடுங்க. பேரு கூப்புடுற சத்தம் வெளிய சரியா கேக்காது, ஒரு ஆளு கதவு பக்கத்துலயே நிக்கணும். நான் கதவு பக்கம், தங்கச்சி பெஞ்சுல, சின்னவன் மடியில தூங்கிட்டு இருப்பான், பேரு கேட்டதும் கையை ஆட்டுவேன், அவ பிள்ளையை என்கிட்ட குடுத்துட்டு உள்ள போவா. எதிர்ல அவங்க வீட்டு ஆளுங்களும் அதே வராண்டாவுலதான் நிப்பாங்க. பேச்சு குடுக்காதீங்க, சண்டையும் வேண்டாம், அங்க நடக்குற ஒரு தள்ளுமுள்ளு உங்க கேஸுக்குத்தான் கெடுதல்.

குடும்ப கோர்ட்டுல முதல்ல சேர்த்து வைக்க முயற்சி பண்ணணும்னு 1984 சட்டத்துலயே இருக்கு, அதனால கவுன்சிலிங்குக்கு இல்லாட்டி சமரச மையத்துக்கு அனுப்புவாங்க. நிறைய பேரு இதை ஒரு சடங்குன்னு நினைச்சு வாயைத் திறக்காம வந்துடுறாங்க. அது தப்பு. அங்க பேசினதை உங்களுக்கு எதிரா சாட்சியா எடுக்க முடியாது, சண்டையில இருந்து உடன்பாட்டுக்கு வர்றதுக்கு நல்ல இடம் அதுதான். எங்களுக்கு மூணு வருஷம் இழுத்தது நாலாவது சமரசப் பேச்சுலதான் ஒரு முடிவுக்கு வந்துச்சு. சேர மனசு இல்லன்னா மரியாதையா சொல்லிட்டு, பணம், நகை, பிள்ளை மூணையும் பேசுங்க.

ஜீவனாம்சம்

இதுக்கு பல வழி இருக்கு, வேணும்னா ஒண்ணுக்கு மேலயும் போடலாம், ஆனா ஒண்ணுல கிடைக்கற தொகையை இன்னொண்ணுல மறைக்காம சொல்லணும். முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 125ஆம் பிரிவுன்னு சொன்னது இப்ப புது சட்டமான பிஎன்எஸ்எஸ்ல 144, கேஸ் நம்பர் எம்சின்னு வரும், எந்த மதமா இருந்தாலும் போடலாம். டைவர்ஸ் கேஸுக்குள்ளயே இடைக்கால ஜீவனாம்சம் கேக்கலாம், இந்து சட்டத்துல 24, கிறிஸ்தவ சட்டத்துல 36. 2005ஆம் வருஷத்து குடும்ப வன்முறைச் சட்டத்துல மாஜிஸ்திரேட் கோர்ட்டுல பணமும் கேக்கலாம், வீட்டை விட்டு வெளிய தள்ளக்கூடாதுன்னு குடியிருக்கற உரிமையும் கேக்கலாம், அதுக்கு சமூக நலத்துறையில பாதுகாப்பு அலுவலர் உதவுவாங்க, அங்க வக்கீல் இல்லாமயும் மனு குடுக்கலாம்.

2020 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் குடுத்த ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்பை ஞாபகம் வைங்க. ரெண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் காட்டி ஒரு அபிடவிட், அதாவது சத்தியம் பண்ணி எழுதுற வாக்குமூலம், போடணும், ஜீவனாம்சம் மனு போட்ட தேதியில இருந்து கணக்குன்னு அதுலதான் சொன்னாங்க. அதனாலதான் மனுவை தள்ளிப்போடாதீங்கன்னு மேல சொன்னேன், ஒவ்வொரு மாசமும் பணம். புருஷன் கல்ஃப்ல என்ன சம்பளம்னு தெரியலன்னு கை விட்டுடாதீங்க. வீட்டுக்கு பணம் அனுப்பின பேங்க் பாஸ்புக், விசா காப்பி, கம்பெனி ஐடி போட்டோ, கட்டுன வீட்டு லோன், அவன் வாட்சப் ஸ்டேட்டஸ்ல போட்ட கார் போட்டோ கூட உதவும். எதிர்பக்கம் உங்க வருமானத்தையும் கிளறுவாங்க, டியூஷன் எடுக்கறதோ தையல் தைக்கறதோ இருந்தா மறைக்காதீங்க, மறைச்சது வெளிய வந்தா மத்ததையும் நம்ப மாட்டாங்க.

ஆர்டர் ஆகியும் பணம் வரலன்னா சும்மா இருக்காதீங்க. எம்சி ஆர்டர்ல பாக்கி விழுந்த நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள வசூல் மனு போடணும், அந்த வருஷம் தாண்டின பாக்கியை அந்த வழியில வசூல் பண்ண முடியாது. பணத்தை கையில வாங்காதீங்க, குடுக்கறவங்களும் கையில குடுக்காதீங்க, ரெண்டு பக்கத்துக்கும் சொல்லுறேன், பேங்க் வழியா மட்டும்.

நகை

நம்ம மாவட்டத்துல கல்யாணம்னா பவுன் கணக்கு என்னன்னு எல்லாருக்கும் தெரியும், பாதி வீட்டுல இதுக்காகவே நிலத்தை வித்திருப்பாங்க. அந்த நகை பொண்ணோட சொத்து. மாமியார் வீட்டு பீரோவுல இருந்தாலும், புருஷன் பேர்ல அடகு இருந்தாலும் அவளோடதுதான். குடும்ப கோர்ட்டுலயே நகை, ரொக்கம் திருப்பிக் கேட்டு தனி மனு போடலாம். ஆனா எத்தனை பவுன்னு காட்டணும்.

எங்ககிட்ட நகைக்கடை பில்லு பாதிக்குத்தான் இருந்துச்சு, மீதி அம்மையோட பழைய நகையை அழிச்சு செஞ்சது, அதுக்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. வக்கீல் அம்மா கல்யாண ஆல்பத்தை மேஜையில விரிச்சு வெச்சு, ஒரு பூதக்கண்ணாடி எடுத்து, கோயில் வாசல்ல எடுத்த ஒரு போட்டோவுல வலது கையில வளையல் எத்தனை, இடது கையில எத்தனைன்னு எண்ணினாங்க. எட்டும் ஏழும். "இன்னொரு வளையல் எங்க?"ன்னு கேட்டாங்க, தங்கச்சி ஆல்பத்தை புரட்டி, மறுவீட்டு போட்டோவுல ஜாக்கெட் கைக்கு மேல ஏறிக் கிடந்த அந்த எட்டாவது வளையலைக் காட்டினா. அப்படி ஒவ்வொண்ணா மாலை, கம்மல், ஒட்டியாணம்னு எழுதி, எந்தப் போட்டோவுல எது தெரியுதுன்னு எதிர்ல நம்பர் போட்டு ஒரு பட்டியல் ஆச்சு. சமரசப் பேச்சுல எதிர்தரப்பு "இருபது பவுன்தான் போட்டாங்க"ன்னு சொன்னப்ப அந்தப் பட்டியலை எடுத்து வெச்சோம், அதுக்கப்புறம் அந்தப் பேச்சு வரல. அதனால ஆல்பம், வீடியோ எதையும் கோவத்துல கிழிச்சுப் போடாதீங்க. அடகுக் கடை ரசீது, பேங்க் லாக்கர் எடுத்த தேதி எல்லாம் சேத்து வைங்க.

பிள்ளைங்க

கோர்ட்டு பாக்கறது அப்பா உரிமை அம்மா உரிமைன்னு இல்ல, பிள்ளைக்கு எது நல்லதுன்னுதான். இந்து சட்டப்படி அஞ்சு வயசுக்குள்ள பிள்ளை சாதாரணமா அம்மாகிட்ட. டைவர்ஸ் கேஸுலயே கேக்கலாம், இல்லாட்டி 1890 கார்டியன் சட்டத்துல தனி மனு, அதை பிள்ளை வழக்கமா இருக்கற ஊர் கோர்ட்டுல போடணும். அப்பா பாக்கறதுக்கு நாள் குறிச்சு ஆர்டர் ஆனா கொண்டு போய் காட்டுங்க. மனசு எவ்வளவு வெறுத்தாலும் காட்டுங்க. பிள்ளைகிட்ட சொல்லிக் குடுத்து "அப்பா வேண்டாம்"னு பேச வைக்காதீங்க, ஜட்ஜு பிள்ளையை தனியா கூப்பிட்டுப் பேசினா அது ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும், அதைவிட அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு பாரம்னு யோசிங்க.

சம்மதத்தோட பிரியறது

ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு கூட்டு மனு. முதல் தடவை ஆஜராகி சொல்லிட்டு, மனு போட்ட தேதியில இருந்து ஆறு மாசம் காத்திருக்கணும், அதே தேதியில இருந்து 18 மாசத்துக்குள்ள ரெண்டாவது தடவை வந்து சொல்லணும். இந்து சட்டத்துல இந்த ஆறு மாசத்தை கோர்ட்டு நினைச்சா தள்ளுபடி பண்ணலாம்னு 2017ல அமர்தீப் சிங் கேஸுல சுப்ரீம் கோர்ட் சொன்னது, ஏற்கனவே ரொம்ப நாளா பிரிஞ்சிருந்து, பணம் பிள்ளை எல்லாம் பேசி முடிச்சிருந்தா கேட்டுப் பாக்கலாம். சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு உறவு முறிஞ்சு போச்சுங்கற ஒரே காரணத்துக்காக டைவர்ஸ் குடுக்கறது சுப்ரீம் கோர்ட்டால மட்டும்தான் முடியும், 2023 தீர்ப்பை வாட்சப்ல படிச்சுட்டு இங்க வந்து அதைக் கேக்காதீங்க.

ரெண்டாவது தடவை கோர்ட்டுல சொல்லுறதுக்கு முந்தி யாரு வேணும்னாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம், இது 1991லயே தீர்ப்பான விஷயம். அதனால மொத்தப் பணத்தையும் முதல்லயே குடுக்கவும் வேண்டாம், நகையை வாங்காம கையெழுத்தை முடிக்கவும் வேண்டாம். எங்க ஒப்பந்தத்துல பாதி முதல் நாள், பாதி ரெண்டாவது நாள் கோர்ட்டுலயே டிடி, நகை வக்கீல் முன்னாடி எடை போட்டு. பிள்ளை படிப்புச் செலவு தனியா எழுதினோம். வரதட்சணைக் கொடுமை கேஸு, அந்தப் பழைய 498ஏ, இருந்துச்சுன்னா அதை நீங்க ரெண்டு பேரும் பேசி மட்டும் வாபஸ் வாங்க முடியாது, மதுரை ஹைகோர்ட்டுல ரத்து பண்ண மனு போடணும், அந்தச் செலவு யாரு, எந்த தேதிக்குள்ளன்னு அதுலயே எழுதுங்க.

புருஷன் வெளிநாட்டுல, மீன்பிடிக்கப் போன இடத்துல இருக்காருன்னா நெருங்கின சொந்தத்துல ஒருத்தருக்கு பவர் குடுத்து கேஸ் நடத்தலாம், முக்கியமான நாள்ல வீடியோ கான்பரன்ஸுக்கு அனுமதி கேக்கலாம். அங்க எழுதுற பவரை இந்தியத் தூதரகத்துல அட்டெஸ்ட் பண்ணி அனுப்பணும், இங்க வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத்தீர்வை கட்டணும், அதை மறந்து புதுசா எழுதி வாங்கின வீடு எனக்குத் தெரியும்.

உடன்பாடு வரலன்னா சாட்சி விசாரணைதான். முதல் விசாரணையை அபிடவிட்டா எழுதிக் குடுப்பாங்க, குறுக்கு விசாரணைக்கு நீங்க கூண்டுல ஏறணும். கேட்டதுக்கு மட்டும் பதில், ஞாபகம் இல்லாததுக்கு ஞாபகம் இல்லன்னு சொல்லுங்க. இந்தக் கேஸுகளை மூடின அறையில நடத்தணும்னு கேக்கலாம், ஊரு பூரா கேக்குமேன்னு பயப்பட வேண்டாம்.

தீர்ப்புக்கு அப்புறம்

தீர்ப்பு சொன்ன அன்னைக்கே காப்பி அப்ளிகேஷன் போட்டு சர்டிபைடு காப்பி தீர்ப்புக்கும் டிகிரிக்கும் தனித்தனியா வாங்குங்க, ரெண்டு செட்டாவே வாங்குங்க, பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, ஆதார்னு எல்லா இடத்துலயும் கேப்பாங்க. சண்டை போட்டு வாங்கின டிகிரின்னா எதிர்தரப்பு மதுரை கிளையில அப்பீல் போகலாம், அந்தக் காலம் முடியாம, அப்பீல் இல்லன்னு உறுதியாகாம இன்னொரு கல்யாணப் பேச்சு எடுக்காதீங்க. இந்து சட்டத்துல அப்பீலுக்கு 90 நாள், குடும்ப கோர்ட் சட்டத்துல 30 நாள்னு இருக்கு, 90 நாளே பொறுத்திருங்க.

கடைசியா, கோர்ட்டுல குடுத்த ஒரிஜினல் எல்லாம் தானா திரும்ப வராது. டாகுமெண்ட் ரிட்டர்ன் மனு ஒண்ணு போடணும், அப்பீல் காலம் முடிஞ்சதும் போடுங்க. நாங்களும் போட்டோம். தங்கச்சி கையெழுத்துப் போட்டு கல்யாண சர்டிபிகேட்டையும் நகை பில்லுகளையும் வாங்கி பையில வெச்சுக்கிட்டா, ஆல்பத்தை மட்டும் தொடல. அது இப்ப எங்க வீட்டு பீரோவுல மேல் தட்டுல இருக்கு, சின்னவன் பெரிசாகி கேட்டா குடுக்கணும்.